இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டவர்

படகு வீடு
பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

உங்க மச்சான் தண்ணி மேல உட்கார்ந்து எழுதுறது. மூட்டு வலி, பல் வலி, மருமகன் தொல்லை மூணும் அளவோட இருக்கு. உங்க கண்ணுல வளர்ற புரை எப்படி இருக்கு? நல்லா வளருதா? எழுத்து ஆடுதேன்னு பார்க்காதீங்க. பாதி என் கை, பாதி ஏரி.

மகளும் அவ புருஷனும் இந்த நாலு ரூம் படகு வீட்டைக் குத்தகைக்கு எடுத்ததுலேர்ந்து, வர்ற விருந்தாளிங்களை ஏத்தி இறக்குற வேலை எனக்கு. முப்பத்தொரு வருஷம் பஸ்ல விசில் ஊதினவன் இல்லையா, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. போன வாரம் ஒரு அம்மாகிட்ட "முன்னாடி போங்க, முன்னாடி போங்க"ன்னு சொல்லி, தண்ணிக்குள்ளயே இறக்கப் பார்த்தேன்.

நேத்து மகள், "அப்பா, ஏரியில என்ன இருக்குன்னு வர்றவங்க கேட்டா தண்ணி இருக்குன்னு சொல்றீங்க. ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வாங்க"ன்னு சின்னப் படகு ஒண்ணுல ஏத்திவிட்டா. பறவைத் தீவுக்குப் போனேன். பறவை கம்மி, எச்சம் ஜாஸ்தி. தண்ணியிலயே காய் விக்கிற படகுங்களைப் பார்த்தேன். ஒருத்தி பூசணிக்காய் மேலயே உட்கார்ந்துகிட்டு, பூசணி தீர்ந்துபோச்சுங்கிறா. அப்புறம் மணிக்கூண்டு. அணை கட்டினப்போ ஒரு ஊரே முழுகிடுச்சாம், மணிக்கூண்டோட தலை மட்டும் வெளியே நிக்குது. மணி பத்தேகாலோட நின்னுபோச்சு. ஆனா கடிகாரத்து மேல இருக்கிற கண்ணாடி இன்னும் உடையலை. உங்க கடையில வாங்கினதா இருக்காது.

இதையெல்லாம் விடுங்க. அந்தப் படகுக்காரன்தான் விஷயம். தலையில முண்டாசு, முகம் பூரா தாடி, வாயில பேச்சே கிடையாது. ஆனா மூக்கு இருக்கு பாருங்க, நடுவுல ஒரு முட்டு, நுனியில ஒரு வளைவு, அப்படியே கதவுக் கொக்கி. உங்க மூக்கைக் கழட்டி அவன் மூஞ்சியில மாட்டின மாதிரி இருந்துச்சு. நாள் பூரா அதைப் பார்த்துத்தான் சிரிச்சுகிட்டிருந்தேன், ஏரியை எங்கே பார்த்தேன். உங்கப்பா வியாபாரம் வியாபாரம்னு ஊர் ஊராப் போவாரே, இந்தப் பக்கமும் ஒரு நடை வந்துட்டுப் போயிட்டாரோ?

பதில் போடுங்க, கோபமாவாவது.

மச்சான்


கண்ணாடிக் கடை
பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். கண் மங்கலாகத்தான் இருக்கிறது. ஜூனில் அறுவை செய்யலாம் என்கிறார் டாக்டர்.

என் அப்பாவைப் பற்றி எழுதியதை விட்டுவிடுகிறேன். அவர் தண்ணீரைக் கண்டாலே பயப்படுவார். ஆனால் அந்த மூக்கு வேறு ஒருவருக்கும் உண்டு. பதினெட்டு வருடம் முன்பு இந்தக் கடைப் படியிறங்கிப் போனவனுக்கு. உங்கள் தங்கை பெற்ற பிள்ளைக்கு. நீங்கள் தூக்கி வளர்த்தவனின் மூக்கு உங்களுக்கே நினைவில்லையா?

படகுக்காரனுக்கு என்ன வயது? பேச்சு எப்படி? உடனே எழுதுங்கள். ஆள் உயர நிலைக்கண்ணாடியை உடைத்தான் என்று ஓர் அறை விட்டேன். அதற்காக ஒருவன் வீட்டைவிட்டுப் போவானா? நான் என் அப்பாவிடம் வாங்கியதில் பாதிகூட அவன் வாங்கவில்லை.

பக்கத்துக் கடை செல்போன்காரர் என் கடையையும் சேர்த்துக் கேட்கிறார். ஜூன் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். சாவியை அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டியவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்


(ரொட்டிப் படகுக்காரர் கையில் கொடுத்தனுப்பியது)
மார்ச் 12

மாமா,

நேத்து ராத்திரி நீங்க சாப்பிட்டீங்களா? எனக்கு இறங்கலை.

போன மாசம் நீங்க என் படகுல ஏறினப்போவே எனக்கு அடையாளம் தெரிஞ்சுது. உங்களுக்குத்தான் தெரியலை. என் மூக்கைப் பார்த்துச் சிரிச்சுகிட்டே வந்தீங்க. நேத்து வந்து உத்து உத்துப் பார்த்ததும் என்னால ஒளிக்க முடியலை. அம்மா போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னு சாதாரணமாச் சொன்னீங்க. உங்களுக்குப் பதினஞ்சு வருஷம், எனக்கு நேத்துதான் மாமா.

ஏன் போனேன்னு கேட்டீங்க. நேர்ல சொல்ல வரலை, எழுதுறேன். அந்த நிலைக்கண்ணாடி உடைஞ்சதுக்கு அறைஞ்சதுல இடது காதுக்குள்ள ஏதோ பட்டுன்னு தெறிச்சுது. அதோட அந்தக் காது போச்சு. கண்ணாடி வெட்டுறதே காதாலதான். வெட்டுக்கோல் போறப்போ பட்டுத்துணி கிழியிற மாதிரி சத்தம் வரணும், கரகரன்னா உடையப்போகுதுன்னு அர்த்தம். எனக்கு அந்தச் சத்தம் பிடிபடலை. நாலு மாசத்துல இன்னும் நாலு கண்ணாடி உடைஞ்சுது, இன்னும் நாலு அறை. காது கேக்கலைன்னு சொன்னா, சாக்கு சொல்றியான்னு அதுக்கு வேற ஒண்ணு விழும். ஆறாவது உடைஞ்ச அன்னைக்கு அவர் வர்ற வரைக்கும் நான் நிக்கலை.

இப்போ வலது காதாலதான் பொழைப்பு. காத்தும் துடுப்புச் சத்தமும் சேர்ந்துட்டா அதுவும் சிரமம்தான்.

அவருக்கு எழுதாதீங்க. நான் இல்லைன்னே இருக்கட்டும். அம்மா மேல சத்தியம் பண்ணிட்டுத்தான் போனீங்க.

மருமகன்


படகு வீடு
மார்ச் 25

அன்பு மாப்பிள்ளைக்கு,

நான் நலம். உங்கள் நலமும் அறிய ஆவல்.

பதில் எழுதத் தாமதமானதுக்கு மன்னிக்கவும். ஏரியில எல்லாப் படகுக்காரங்களையும் திரும்பவும் பார்த்தேன். நான் சொன்னவனுக்கு வயசு ஐம்பதுக்கு மேல. அப்பா, அம்மா, ஏழு அண்ணன் தம்பி எல்லாரும் இங்கேயே இருக்காங்க. மூக்குகூட கிட்டத்துல பார்த்தா அவ்வளவு ஒண்ணும் இல்ல. உங்களைச் சீண்டுறதுக்காக எழுதினேன். என் புத்தி உங்களுக்குத் தெரியாததா? மனசுல வச்சுக்க வேண்டாம். கடை விஷயத்துல நல்ல முடிவா எடுங்க.

என்றும் அன்புள்ள,
மச்சான்


கண்ணாடிக் கடை
ஏப்ரல் 6

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஏமாறாத அளவுக்கு நன்றாகவே இருக்கிறேன்.

நாற்பது வருடமாக உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறேன். உண்மையை எழுதும்போது கோழி கிளறிய மாதிரி இருக்கும். பொய் எழுதும்போது மட்டும் முத்து முத்தாக வரும். 'என் தங்கை சமையலில் கெட்டிக்காரி' என்று கல்யாணத்துக்கு முன் நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அச்சடித்த மாதிரி எழுத்து. பிப்ரவரிக் கடிதத்தைப் படிக்க எனக்கு அரைநாள் ஆனது. மார்ச் கடிதத்தை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டேன்.

ஏப்ரல் 28 காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். ஒரு ராத்திரி உங்களோடு தங்கிவிட்டு, மறுநாள் அதே படகில் அதே இடங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அவன் அவனில்லை என்றால் ஏரியைப் பார்த்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்


(ரொட்டிப் படகுக்காரர் கையில்)
ஏப்ரல் 17

மாமா,

உங்க சீட்டு வந்துச்சு. அவர் வர்றார்னு படிச்சேன். முதல்ல ஓடிடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் முப்பத்தினாலு வயசாச்சே, இன்னும் எத்தனை தடவை ஓடுறதுன்னு தோணுச்சு.

என் படகுலயே ஏத்தி விடுங்க. நான் யாருன்னு சொல்லாதீங்க. பின்னாடி நின்னுதான் துடுப்பு போடுவேன், முகத்தைத் துண்டால சுத்தியிருப்பேன். நாள் பூரா கூட இருக்கார் இல்லையா, என்னைப் பத்தி அவரா ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும். ஒண்ணே ஒண்ணு. நான் கெட்டவன் இல்லைன்னாவது. அங்கேயே துண்டை அவிழ்த்துடுறேன். சொல்லலைன்னா நீங்க அதுக்கப்புறமும் வாயைத் திறக்கக்கூடாது.

ஒரே ஒரு விஷயம். அவரை வலது பக்கம் உட்கார வைங்க.

மருமகன்


படகு வீடு
ஏப்ரல் 18

டேய் மருமகனே,

மாமா தெம்பா இருக்கேன். நீயும் நடுங்காம இரு, ஏரியில அலை வருது.

அப்பனையும் பிள்ளையையும் ஒரே படகுல ஏத்தி, எதுவும் தெரியாத மாதிரி நான் கரையில நின்னு பார்க்கிறதா? இந்த மாதிரி ஒரு வேலை எனக்கு எழுபத்தினாலு வருஷத்துல கிடைக்கலைடா. சொல்லிடுன்னு மகள் என்னைப் போட்டு உலுக்குறா. "போடி, கல்யாணத்துல மாப்பிள்ளை செருப்பை ஒளிச்சு வைக்கிற மாதிரிதான் இது, பத்து நிமிஷம் தேடட்டும்"னேன். உங்கப்பன் மூக்கு வாசம் பிடிச்சே உன்னைக் கண்டுபிடிக்கும் பாரு. சாயங்காலம் இங்கே மேஜையில மூணு தட்டு வைக்கச் சொல்லிட்டேன்.

நீ ஒண்ணாங்கிளாஸ்ல அவர் மீசையைக் கத்தரிச்சப்போ நான்தான் கத்தரிக்கோல் எடுத்துக் குடுத்தேன். அவர் உன்னை அடிச்சப்போ மட்டும் பக்கத்துல வரலை. எல்லாப் பிள்ளைங்களும் வாங்குறதுதானேன்னு இருந்துட்டேன். அதை இப்போ சரி பண்றேன்.

வலது பக்கம்தான். சீட்டு கிழிச்சுக் குடுத்தே உட்கார வைக்கிறேன்.

மாமா


கண்ணாடிக் கடை
மே 4

மச்சானுக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்ததற்கு வருத்தம் வேண்டாம். உங்கள் படகுக்காரன் என்னைப் படகு வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவராமல், பஸ் நிற்கும் துறையிலேயே இறக்கிவிட்டான். பஸ்ஸும் தயாராக நின்றது. ஏறிவிட்டேன். உங்கள் மகள் எனக்காக ஏதாவது சமைத்திருந்தால் நீங்களே சாப்பிட்டிருப்பீர்கள்.

நீங்கள் சொன்னதுதான் சரி, அவன் அவனில்லை. மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான், நான் கேட்டுப் பார்க்கவும் இல்லை. என் பிள்ளையாக இருந்திருந்தால் துண்டு எதற்கு, முதுகைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

ஏரி பரவாயில்லை. வலது பக்கம் உட்காரச் சொன்னீர்கள், வெயில் கண்ணில் குத்தியது. கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் மாறிவிட்டேன். பறவைத் தீவு தாண்டியதும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்ததில் என்னவோ பேசத் தோன்றியது. முன்பின் தெரியாதவன்தானே என்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம்கூடச் சொன்னதில்லை மச்சான். பையன் கெட்டிக்காரன், கை சுத்தம், என்னைவிட நேராகக் கோடு போடுவான், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்றெல்லாம். அவனுடைய பழைய வெட்டுக்கோலைச் சட்டைப்பையில் எடுத்து வந்திருந்தேன், அதை வெளியே எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசினேன். ஒரு மணி நேரம் இருக்கும். பின்னாலிருந்து ஓர் 'உம்' கூட வரவில்லை. வயதானவன் மனசுவிட்டுப் பேசுகிறானே என்ற மரியாதை வேண்டாமா? அப்போதே எனக்கு எரிச்சல்.

அப்புறம் மணிக்கூண்டு வந்தது. அந்தக் கண்ணாடியைத் தட்டிப் பார்க்க ஆசை. "டேய், பக்கத்துல விடுடா" என்றேன். போய்க்கொண்டே இருக்கிறான். மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. எழுந்து பின்னால் போய், காதோடு சேர்த்து ஒன்று விட்டேன். இந்த வயதிலும் என் கை தளரவில்லை மச்சான், துடுப்பே நழுவிப்போனது. "காது என்ன செவிடா?" என்று கேட்டேன். துண்டுக்குள்ளேயே சிரித்தான். அந்தச் சிரிப்புக்கே இன்னொன்று கொடுத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒழுங்காகக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். தட்டிப் பார்த்தேன். நல்ல கண்ணாடி, முழு நாதம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வெட்டுக்கோலைக் காணவில்லை. அந்தத் திருட்டுப் பயல்தான் எடுத்திருப்பான். கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்


(தபாலில் வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை)
மே 20

மாமா,

உங்க மூட்டு வலி தேவலையா? அன்னைக்கு ராத்திரி வெகு நேரம் விளக்கை வச்சுக்கிட்டு நீங்க முன்தளத்துலயே நின்னீங்கன்னு ரொட்டிப் படகுக்காரர் சொன்னார். மன்னிச்சுடுங்க.

படகை வித்துட்டேன். எங்கே இருக்கேன்னு எழுதலை.

வலிக்கலை மாமா. அவர் கையில பழைய பலம் இல்ல. ஆனா கை அதே இடத்தைத் தேடிப் போச்சு. அவருக்கு என்னை அடையாளம் தெரியலை, கைக்குத் தெரிஞ்சிருக்கு.

காலையில ஏறினதுலேர்ந்து ஒரு வார்த்தை வருமான்னு அவர் முதுகையே பார்த்துட்டு வந்தேன். அன்னைக்குன்னு பார்த்து காதுல இரையிற காத்து. அவர் இடது பக்கம் மாறி உட்கார்ந்துட்டார், சரி, பேசினா தலை ஆடுமே, குனிஞ்சு கேட்டுக்கலாம்னு இருந்தேன். தலை தொங்கிப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தார், தூங்குற மாதிரி. எட்டு மணி நேரம் மாமா. எதிரிகூட ஏதாவது பேசியிருப்பான்.

இதோட வெட்டுக்கோல் ஒண்ணு அனுப்பியிருக்கேன். படகுல விட்டுட்டுப் போயிட்டார். பிடியில நான் சின்ன வயசுல சுத்தின நூல் இன்னும் இருக்கு. அதை எதுக்குக் கொண்டுவந்தார்னு தெரியலை. கடையில போட்டு விக்கிறதுக்கா இருக்கும். அவர்கிட்டயே சேர்த்துடுங்க.

சத்தியத்தை மறக்காதீங்க.

மருமகன்


படகு வீடு
ஜூன் 14

மாப்பிள்ளைக்கு,

நான் இருக்கேன். உங்களுக்குக் கண் அறுவை நல்லபடியா நடந்திருக்கும்னு நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்துல ஒரு எழுத்துகூட உங்களுக்குப் புரியாம போயிடக்கூடாதுன்னு, மகளோட கோடு போட்ட நோட்டுல மூணு தடவை எழுதிப் பார்த்து, நாலாவது தடவை நல்லா எழுதுறேன். நான் என் தங்கச்சி மேல பண்ணின சத்தியத்தை மீறி எழுதுறது இது.

அந்தப் படகுக்காரன் உங்க பிள்ளை. நீங்க பேசினது எதுவும் அவனுக்குக் கேக்கலை. நீங்க உட்கார்ந்திருந்த பக்கத்துக் காது அவனுக்குக் கிடையாது. அது உங்க முதல் அறையில போனது. அதுக்கப்புறம் நாலு மாசம் கண்ணாடிங்க உடைஞ்சது அதனாலதான். நீங்க மூணு தடவை கூப்பிட்டும் திரும்பாததும் அதனாலதான்.

நீங்க ஒரு நல்ல வார்த்தை சொல்வீங்கன்னு அவன் காத்திருந்தான். நீங்க நூறு சொல்லியிருக்கீங்க. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்குச் சொல்ல என்கிட்ட முகவரி இல்ல. போன இடம் தெரியலை. நீங்க அப்பன், பேப்பர்ல போடுங்க, போலீஸ்ல சொல்லுங்க, நீங்க தேடினா கிடைப்பான். சாவியை யாருக்கும் குடுத்துடாதீங்க.

நான் விளையாட்டுன்னு நினைச்சுப் பண்ணேன். கரையில நின்னே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லலை.

வெட்டுக்கோலை இதோட அனுப்புறேன். திருடலை, அவனே குடுத்தனுப்பினான். பிடியில இருக்கிற நூலைப் பாருங்க.

மச்சான்


ஜூன் 29

மச்சானுக்கு,

அறுவை நன்றாக முடிந்தது. கட்டு அவிழ்த்து நான்கு நாளாகிறது. முதலில் படித்ததே உங்கள் கடிதம்தான். எவ்வளவு தெளிவு. ஓர் எழுத்துகூடக் கோட்டைத் தாண்டவில்லை, ஒரு கால்கூட வளையவில்லை. என் கல்யாணக் கடிதத்துக்குப் பிறகு இவ்வளவு அழகாக நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. பாதியிலேயே சிரித்துவிட்டேன், கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் திட்டினார்.

ஒரே மூக்கை வைத்து ஒருவனை இரண்டு தடவை ஏமாற்ற முடியாது மச்சான். இந்த வயதில் விளையாட்டுக்கும் ஓர் அளவு வேண்டும். செத்துப்போன தங்கை பெயரை இழுத்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெட்டுக்கோல் வந்தது. திருடனிடமிருந்து வாங்கிவிட்டீர்களே, அதற்கு நன்றி. நூல் இருந்த பிடி அழுக்காக இருந்தது, பிரித்துப் போட்டுவிட்டேன்.

கடைச் சாவியை நேற்று செல்போன்காரரிடம் கொடுத்துவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், அடுத்த தடவை பொய் சொல்லும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காது கேட்காத பிள்ளையை நாலு மாதம் பக்கத்தில் நிறுத்தி வேலை வாங்கியிருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்குமா? கண்ணாடிக்குள் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒரு தட்டில் கண்டுபிடிப்பவன் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நிறைய எழுத வேண்டும் நீங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்